கிளட்ச் இல்லாத அம்பாசடர்

ஸ்ரீரங்கம்
வியாழக்கிழமை

அன்பு மகன் செந்தமிழனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஷார்ஜாவில் வெயில் எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் வண்டிப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

அம்பாசடரை வாங்க நீ அனுப்பிய ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர். இடது கால் முட்டிக்குக் கீழே போனதால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அவ்வளவுதானே? கிளட்ச்சே இல்லாத வண்டிக்கு இடது கால் எதுக்குக்கா என்று கேட்டார் மெக்கானிக் அப்ரார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காலத்து இன்ஜினுக்குச் சேருகிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் லேசில் அகப்படுமா? பழைய சாமான் கடையில் 'ஆட்டோ கியர் பாக்ஸ் இருக்கா' என்று கேட்டேன். கடைக்காரர் பெருமையாக ஆட்டோ ரிக்‌ஷாவின் கியர் பாக்ஸைத் தூக்கி வந்து வைத்தார்! அப்ரார் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. போன மாதம் நீயும் ஆட்டோதாம்மா உனக்கு நல்லது என்றாய். நீ சொன்னது வாடகை ஆட்டோவை என்று தெரியும். தெரிந்தேதான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு பழைய ஜப்பான் காரின் கியர் பாக்ஸ் கிடைத்தது. இன்ஜினோடு போல்ட் துளைகள் சேரவில்லை. சரிப்படாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போங்கய்யா என்று சொல்லிவிட்டு, துவாக்குடி லேத்தில் நடுவே வைக்க ஒரு தகடு கடைந்து வாங்கினோம். நேற்று அப்ரார் ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிவிட்டேன். ஆர்.டி.ஓ. ஒப்புதலுக்கும் எழுதிப் போட்டாயிற்று.

என் கால் போன அன்று மணப்பாறை ரோட்டில் நீ ஓட்டினாய். குறுக்கே மாடு வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தாய். நானாக இருந்தாலும் ஒடித்திருப்பேன். கால் வலி எப்போதோ நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக நீ ஊர்ப்பக்கமே வராததுதான் வலிக்கிறது. அதற்கப்புறம் நீ ஸ்டியரிங்கையே தொடவில்லை என்று உன் அறையில் தங்கியிருக்கும் ஜமால் சொன்னான். வண்டியை விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? விற்க மாட்டேன்.

பொங்கலுக்கு டிக்கெட் போடு. ஏர்போர்ட் வாசலில் நானே வண்டியோடு நிற்பேன். காவிரிப் பாலம் வந்ததும் ஸ்டியரிங்கை உன்னிடம் தருவேன். வாங்கிக்கொள், ராஜா. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் சரி. பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மலர்க்கொடி