மெழுகு வாசம் பட்ட கொழுந்து

அன்பு மக ஜீவராணிக்கு,

அம்மா காச்சுன தேன்மெழுகுப் பூச்சுல வேலாயி அத்தையோட கைவெடிப்பு பத்தே நாள்ல மூடிருச்சு புள்ள, ஆனா அதாலயே இப்ப நம்ம லயத்து வீடுகள்ல ஒருத்தரும் அம்மாகிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல!

நானும் அப்பாவும் தம்பி தர்ஷனும் மேலுக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், ஓமான்ல நீயும் அப்பிடியே இருக்கணும்னு மாரியம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். நான் ஃபோன்ல பாக்குற சேனல் அக்காதான் சொன்னுச்சு, தேன்மெழுகு தோலுக்கு மேல மூடி மாதிரி நின்னு ஈரத்த வெளிய விடாதாம். வலப்பனையிலேருந்து சந்தைக்கு வந்து தேன் விக்கிற சிங்கள மாத்தயாகிட்ட மெழுகு வாங்கி, தேங்காண்ணெயோட உருக்கி, யோகட் கப்புல ஊத்தி என்கூட மலையில வேல செய்யிற எட்டு பேருக்குக் குடுத்தேன். படுக்கும்போதும் பூசுங்க, காலையிலயும் பூசிக்கிட்டு மலைக்கு வாங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த அக்கா என்னைக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துச்சு? இருவது வருசமா எடுக்கிற எனக்கு எங்க போச்சு புத்தி, கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு தெரியாதா? போன செவ்வாக்கெழம கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கணக்கப்புள்ள வேலாயி அத்தையோட சாக்க மோந்து பாத்துட்டு, மெழுகு வாசம் அடிக்கவும், என்னா வேலாயி, வேலைக்கு வந்தியா கல்யாணத்துக்கு வந்தியான்னு எல்லாரும் சிரிக்கக் கேட்டுட்டு, எட்டு பேரோட கொழுந்தையும் தண்ணி ஓடுற கான்ல கொட்டச் சொல்லிட்டாரு. அன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேருதான், பாதிநாள் சம்பளந்தான். அத்தை நேரா வந்து கப்ப நம்ம வாசப்படியில வச்சுட்டு, நீ ஃபோனப் பாத்து வைத்தியம் பண்ணு, எங்க வயித்துல அடிக்காதன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பூசுறத விட்டதுல அவங்க கை பழையபடி வெடிச்சிருச்சு, பிளாஸ்டர் சுத்திக்கிட்டுத்தான் எடுக்கிறாங்க. நேத்து அவங்க சாக்குல ரத்தம் பட்ட கொழுந்து கெடந்துச்சு. கணக்கப்புள்ளயும் பாத்தாரு. நிறுத்து உள்ள அனுப்பிட்டாரு. ரத்தம் வாசம் அடிக்காதாம்.

அங்க வேல பாக்குற நம்ம கிருஷாந்தி லீவு முடிஞ்சு திரும்பி வர்றா, அவகிட்ட இந்தக் கடுதாசியோட உனக்கும் ஒரு கப்பு பூச்சு குடுத்துவிட்டிருக்கேன், ப்ளீச் போட்டு வீடு தொடச்ச பெறகு பூசிக்க. வேளைக்குச் சாப்புடு. அத்தைக்கு உன்மேல உசுரு, நீ சொன்னா கேப்பாங்க. படுக்கும்போது மட்டும் பூசி, காலையில சுடுதண்ணி சோப்புல கழுவி, பெறகு வெறுந்தண்ணியிலயும் அலசிட்டுப் போங்கன்னு லயத்துக் குரூப்புல ஒரு வொய்ஸ் போடும்மா. அம்மா தப்பாச் சொல்லிட்டான்னும் சேத்தே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். மாரியம்மா ஒன்ன நல்லா வச்சுக்கட்டும். கடுதாசி கெடச்ச அன்னைக்கே போட்டுரு, அவங்க கை தாங்காது.

உன் அம்மா,
நாகலெட்சுமி
பொகவந்தலாவை