வாசலில் நிற்கும் மருத மரம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

வாசல் மருத மரத்தை இன்றும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லது என்று யாரோ வீடியோ போட்டதிலிருந்து இதே தொல்லை. சுற்றிக் கட்டிய சாக்கையும் அறுத்துவிட்டார்கள். இப்படியே போனால் மரம் பட்டுப்போகும்.

சாயங்காலம் கையும் களவுமாகப் பிடித்தேன். எதிர்வீட்டுச் சரோஜா அக்கா, கையில் அரிவாள். அவர் வீட்டுக்காரருக்குப் போன மாதம்தான் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

"ஏனுங்க்கா, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனுங்களே."

"அவருக்குத்தான் அம்மணி. மாத்திரையெல்லாம் நிறுத்திப்போட்டோம். இப்ப இந்தக் கஷாயம் மட்டுந்தான்."

மரத்துக்காகத் திட்ட வந்தவள், அதை மறந்தே போனேன். "ஸ்டென்ட் வெச்சவருக்கு மாத்திரைய நிறுத்தலாமுங்களா? மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நானே ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேளைகூட மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் கடுமையாகச் சொன்னாராம். திரும்பி வந்த அக்கா நேராக என் கேட்டுக்குத்தான் வந்தார்.

"சரி கண்ணு, மாத்திரை குடுத்துடறேன். அதோட இதையும் துளி சேத்துக்கலாமுங்களா?"

கேட்கும்போதே ஒரு கை மரத்தின் மேல் இருந்தது.