வசந்திக்கு வயது பதினாறு

சினேகா,

எழுப்பினேன்; போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாய். கம்பெனி பஸ் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பெண்பிள்ளைகள் நடத்தும் ஆன்லைன் பத்திரிகை குரூப்பில் 'வசந்தி, பதினாறு வயது' என்று பொய் சொல்லிச் சேர்ந்தது நான்தான் என்று நேற்று கண்டுபிடித்துக் கத்தினாயே, அந்த வசந்திக்கு இன்று விடிகாலையில் மெசேஜ் வந்தது. அனுப்பியது மத்தூர் மாதேஸ்வரி, உங்கள் பத்திரிகைக்குப் படம் வரைகிறவள்.

"நாளைக்கு எனக்குக் கல்யாணம் பண்றாங்க வசந்தி. பத்தாவதுகூட முடிக்கல. உங்க வீட்டுக்கு வரட்டா?"

வா என்றுவிட்டேன். பஸ் ஏறிவிட்டாள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்து சொன்னேன், நம் வீட்டுக்கே வருகிறார்களாம். அவளையும் அவர்களையும் தவிர யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே.

கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் என் போனை ஃப்ரிட்ஜ் மேல் விட்டுப் போகிறேன். வழி நெடுக அவள் வசந்தியிடம்தான் பேசுவாள். உடனுக்குடன் பதில் போடு கண்ணு, பயந்துவிடுவாள்.

அம்மா

மறந்துவிட்டேன்: ராகிக் களி மூடி வைத்திருக்கிறேன், அவளுக்கும் சேர்த்துத்தான்.

பதினெட்டு தாண்டியவர்களுக்குக் குரூப்பில் இடமில்லை என்ற உங்கள் விதி சரிதான். வசந்தியை நீக்கிவிடு. அந்தப் பிள்ளை நம் வாசப்படி ஏறிய பிறகு நீக்கு.