துரைக்குத் தண்ணீர் ஊற்றாத ஞாயிறு

கும்மிடிப்பூண்டி பக்கம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லோகுவுக்கு உன் நைனா எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். நீ சுகமா என்று எப்போதும் பழக்கத்துக்கு ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அந்தக் கால் வலி திரும்ப வரவில்லையே, அங்கே வண்டி ஏதும் ஓட்டவில்லையே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு மற்றதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்பும் நம் தெரு கோபாலிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சித்திரையோடு என்னைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள், உன்னிடம் மறைத்துவிட்டேன். தேர்வாய் கண்டிகையில் புல் வெட்டும் வேலைக்குப் புதிதாக வந்த கான்ட்ராக்டர் என் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, நீ வெயில்ல வுழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது" என்றான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரேஷன் அரிசி இருக்கிறது, ஒரு வேளை ஆக்கி இரண்டு வேளை சாப்பிடுகிறேன், வடித்த கஞ்சி நம் கிடா துரைக்கு. கூரை ஷீட்டு ஒரு மூலையில் ஒழுகுகிறது, கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். எல்லாம் அலுப்பாக இருக்கிறது லோகு, எழுந்து அடுப்பு பற்ற வைப்பதுகூட அந்தக் கிடா வந்து கையை முட்டுவதால்தான்.

நீ பைக்கில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது உன் அம்மா, என் பிள்ளை எழுந்து நடந்தால் கெங்கையம்மனுக்குக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, நீ நடந்த வாரமே குட்டியாக வாங்கி வந்தாள். மிராசுதார் மாதிரி வீட்டுக்குள் நுழைகிறது பார் என்று துரை என்று பேர் வைத்து, பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவளும் அவளேதான். வெட்டும் முன் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்புறம் மூன்று வருடமாக நான் பேச இருப்பது அது ஒன்றுதான். வேலைக்குப் போன காலத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை கூட வரும், சாயங்காலம் இறங்கினால் அதே இடத்தில் நிற்கும். வைகாசியில் ஏரிக்கரையில் மயங்கி விழுந்தேன், அதையும் உன்னிடம் சொல்லவில்லை, பச்சைப் புல் எதிரே இருக்க மேயப் போகாமல் என் தலைமாட்டில் நின்று கத்திக் கத்தி ஆளை வரவழைத்தது அதுதான்.

இந்த ஆடியில் வேண்டுதலை முடித்துவிடு என்று நீ நாலு தடவை சொல்லிவிட்டாய், போன ஞாயிறு மஞ்சள் பூசி மாலை போட்டு அழைத்துப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக் கிடா உடம்பை உதறினால்தான் அம்மன் சம்மதித்தாள் என்று கத்தியை எடுப்பார்கள், உனக்குத் தெரியாததா. பூசாரி சுப்பிரமணி மூன்று முறை ஊற்றினார், துரை என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது. "யோவ் வரதா, உன் கையால ஊத்து, அதுக்கு உன் கைதான் பழக்கம்" என்று சொம்பை நீட்டினார். நான் சொம்பை வாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் அடிபம்பில் குளிப்பாட்டி, உதறு உதறு என்று முதுகில் தட்டிப் பழக்கியது நான்தானே, என் கையால் தண்ணீர் பட்டால் போதும், உதறிவிடும். தோள் பிடித்துக்கொண்டது, கையைத் தூக்க முடியவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். "செரி, இன்னிக்கு ஆத்தா ஒத்துக்கல, வர்ற ஆடிக் கடைசி ஞாயித்துக்கெழம கை செரியானா இட்டுக்கினு வா" என்றார். வீட்டுக்கு வந்து மஞ்சளைக் கழுவ ஒரு சொம்பு ஊற்றினேன், உடனே உதறி என் முகமெல்லாம் நனைத்தது. பம்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொய் சொன்னது சுப்பிரமணியிடம் இல்லை, உன் உயிரைத் திருப்பிக் கொடுத்தவளிடம். மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய், எடுப்பதானால் என்னை எடுத்துக்கொள், என் பிள்ளை பக்கம் போகாதே என்று விழுந்து கும்பிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் என்னை விளக்குமாற்றால் அடித்திருப்பாளோ, அவளும் சொம்பை வாங்காமல் நின்றிருப்பாளோ, யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. வேண்டுதல் உன் உயிருக்காக, அதனால் நீதான் சொல்ல வேண்டும். இதைப் படித்த பிறகும் முடித்துவிடு நைனா என்று ஒரு வார்த்தை சொல், ஞாயிறு என் கையாலேயே ஊற்றிவிடுகிறேன், பிள்ளையைவிட எனக்கு ஆடு பெரிதில்லை. வேண்டாம் என்றால் அதையும் நீயே அம்மனிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் இனி அவள் நம்ப மாட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, யாருடைய வண்டியிலும் பின்னால் ஏறாதே. கெங்கையம்மன் என் தப்பை என்னோடு வைத்துக்கொண்டு உன்னை நூறு வயசு வாழ வைக்கட்டும். ஞாயிற்றுக்குள் மறக்காமல் போன் பண்ணு. அதுவரை துரையைக் குளிப்பாட்டப் போவதில்லை, நாற்றம் அடித்தாலும் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
வரதன்