குதிரை வாகனத்தின் கண்

2005 பங்குனி, வெள்ளி இரவு. கல்லடி.

கோயிலின் பழைய குதிரை வாகனத்தை மார்கழிச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. நான் புதிதாகச் செய்த குதிரைக்கு இன்று காலை மண்டபத்தில் பூசை வைத்துக் கண் திறந்தேன். கருமணி வைத்து முடித்ததும் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் கிட்ட வந்து பார்த்தார்.

"என்ன மகன், சாமிர குதிரை நேரயெல்லோ பாக்கோணும். இது கடலப் பாக்குது."

உண்மைதான். இரண்டு கருமணிகளும் கடற்பக்கம் ஒதுங்கியிருந்தன. முப்பது வருடத் தொழிலில் இப்படிப் பிழை விட்டதில்லை.

"திறந்த கண்ண அழிக்கக்கூடா, ஐயா" என்றேன். அவர் பூசைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

என் மனைவி கமலாவைக் கொண்டுபோன கடலை நான் அன்றிலிருந்து ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்திலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் இருந்தேன்.

இனி அந்தக் குதிரை பார்த்துக்கொண்டே நிற்கும்.