கல்வெட்டில் போட்ட உத்தியோகம்

சிவமயம்

மொன்ட்ரியால்-நோர்
20.05.2007

அன்புள்ள மகள் சாம்பவிக்கு அம்மா எழுதுவது,

நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கேட்டுவிட்டுத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரி எழுதவேண்டும், எழுத வரவில்லை பிள்ளை. முழங்கால் வீக்கம் வற்றவில்லை, பிரசர் குளிசையை டொக்டர் கூட்டித் தந்திருக்கிறார், உலை வைத்தால் இன்னும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு நிற்கிறேன். அண்ணன் லக்ஷன் ஞாயிறு தவறாமல் வருகிறான். அவனுடைய சின்னவன் பிள்ளைகளைப் பராமரிக்கிற கார்டெரிக்குப் போய் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான், என்னைக் கண்டாலும் பொன்ஜூர் என்கிறான், அப்பப்பா எங்கே என்று மட்டும் தமிழில் கேட்கிறான். நீ போய் ஆறு கிழமை முடிந்துவிட்டது. நான் எடுத்தால் உன் டெலிபோன் அடித்து அடித்து மெசேஜுக்குப் போகிறது. அந்த மெசினோடு கதைக்க எனக்குத் தெரியாது, வைத்துவிடுகிறேன். லக்ஷனைக் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். தருவதற்கு முதல், "அம்மா, அவளை இன்னும் நோகப்பண்ணாதேங்கோ" என்று சொன்னான். நான் பெற்ற பிள்ளையே எனக்கு அப்படிச் சொல்கிறான் என்றால் என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று பார்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஐயர் எல்லாம் முடித்துவிட்டுப் போய், ஆட்கள் சாப்பிட இருந்த நேரம். அப்பாவின் படமும் அவருடைய சரித்திரமும் பிள்ளைகள் புலம்புகிற பாட்டும் போட்டு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை லக்ஷன் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தான். நீ வடைத் தட்டோடு நின்றாய். அப்பாவின் சிநேகிதர் அருமைராசா அண்ணைக்கு எதையும் உரத்துத்தான் சொல்ல வரும். "அட, பிள்ளை இஞ்சினியரே? தியாகராசா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்று கேட்டார். நீ அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தாய். குடும்ப விபரம் போட்ட பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே, அல்பேர்ட்டா எண்ணெய்க் கொம்பனியில் பொறியியலாளர் என்று இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தாய். நீ கத்துவாய் என்று பயந்தேன், கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அப்பான்ரை புத்தகத்திலையுமோ அம்மா?" என்று மெல்லமாகத்தான் கேட்டாய். பேந்து, போன செப்டெம்பர் உன்னைப் பார்க்க வருவதாக இருந்து அப்பா வராமல் விட்டதைச் சொன்னாய். "பிளேனிலை ஏறவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லவேயில்லை, அண்ணா எனக்கு எப்பவோ சொல்லிப்போட்டார். அப்பாவும் வெக்கத்திலைதான் வரேல்லை. நீங்கள் பொய்யைப் புத்தகத்திலை போட்டியள், அவர் டெலிபோனிலை சொன்னவர், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாய். நான் அகப்பையோடு நின்றேன். வாய் திறந்து ஒரு வசனம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வெளியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பேசாமல் நின்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு பின்வாசலால் இறங்கிப் போனாய். பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு, கொம்பனியில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். உன் கால் தெருவில் படுவதற்கு முதல் என்னிடம் அடுத்த பொய் இருந்தது.

புத்தகம் எழுதித் தந்த மாஸ்டர் டெலிபோனில் மகள் என்ன செய்கிறா என்று கேட்டபோது நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அதற்கு முதலே ஒரு வருடமாகக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அதைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அப்பாவையும் நான் விட்டுவைக்கவில்லை. புவாண்ட்-கிளேரில் பதினேழு வருடம் ஒரு சாமான் கொம்பனிக்கு ட்ரக் ஓடிய மனிதரைக் களஞ்சிய முகாமையாளர் ஆக்கிப் போட்டேன். படத்தில் இருந்தபடி அவர் அதை வாசித்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். நீ உன்னைப் பற்றிய பொய்யைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய், அதற்கு மேல் இருந்ததை வாசிக்கவில்லை.

நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. இங்கே ட்ரக் லைசென்ஸ் எடுத்துவிட்டு ஒவ்வொரு கொம்பனியாக ஏறி இறங்கினாய், எல்லாரும் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். ஓடத் தராமல் அனுபவம் எங்கே இருந்து வரும் என்று ஒருநாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாய். பிறகு போர்ட் மக்மரி கதை வந்தது. எண்ணெய் கிண்டுகிற ஊரில் ட்ரைவருக்குத் தட்டுப்பாடு, ரோட்டில் போகிறவனையும் மறித்து வேலை கொடுக்கிறார்கள் என்று கண்டவர் எல்லாம் சொன்னார்கள். ரோட்டில் போகிறவனுக்குக் கொடுத்தார்கள், என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மூன்று நாள் பஸ்ஸில் போய், தெரியாத மூன்று பெண்களோடு ஒரு நிலக்கீழ் அறையில் படுத்துக்கொண்டு, தொழிலாளர் முகாமில் அறை துடைத்துக்கொண்டு நீ வேலை தேடினாய். அப்பா வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்க முதல் உனக்கு எடுப்பார். "இண்டைக்கு எந்த ஒபீஸ் பிள்ளை? என்ன சொன்னவங்கள்?" என்று கேட்பார். நீ சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அவனை விடு, நாளைக்கு அடுத்தவனிட்டைப் போ" என்பார். நாலு மாதம் இதுதான் எங்கள் வீட்டுச் செய்தி. கடைசியில் ஒரு போர்மன் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிரையாக நின்ற இரண்டு லொறிக்கு நடுவில் தண்ணி ட்ரக்கை ரிவேர்ஸில் விடச் சொன்னானாம், நீ ஒரே மூச்சில் கொண்டுபோய் விட்டாயாம். அப்பா டெலிபோனை வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடிவந்து, "ஞானம், பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது" என்றார். நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு நான் முதல் கேட்டது என்ன தெரியுமா? "ஆருக்கேன் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டேன். அவருடைய முகம் எப்படி விழுந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அடுத்த வருடம் உன்னைச் சுரங்கத்தில் மண் ஏற்றுகிற பெரிய ட்ரக்குக்கு மாற்றினார்கள். டயரே உன்னைவிட இரண்டு மடங்கு உயரமாக நிற்கிற படத்தை அனுப்பினாய். அப்பா அதை ஹோலில் மாட்டக் கேட்டார், வருகிற ஆட்கள் பார்ப்பார்கள் என்று நான் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். எனக்கு என்ன பயம் என்றால், பெண் பிள்ளை, முப்பது வயதாகிறது, ஆண்களோடு முகாமில் இருந்து ட்ரக் ஓடுகிறாள் என்று தெரிந்தால் உன்னை ஆர் கேட்டு வருவார்கள் என்பதுதான். அந்த நேரம் பார்த்து இல்-பிசாரில் இருக்கிற இந்திராதேவி தன் மகனுக்கு உன்னைக் கேட்டா. உனக்கு நான் சொல்லவே இல்லை, முற்றாகட்டும் பிறகு சொல்லுவம் என்று வைத்திருந்தேன். கல்வெட்டை அவ கொண்டுபோய் வாசித்துவிட்டு, பிள்ளை எந்த யூனிவேர்சிற்றியில் படித்தவ என்று போன கிழமை டெலிபோனில் கேட்டா. எனக்கு அதற்குமேல் ஏலவில்லை சாம்பவி. "இல்லை, அவள் ட்ரக் ஓடுறாள்" என்று சொல்லிவிட்டேன். அவ பேந்து, "எங்கடை மனிசனும் இஞ்சை வந்து பத்து வருசம் டாக்சி ஓடினவர் அக்கா. வேலைக்கு என்ன? செத்த மனிசன்ரை புத்தகத்திலை பொய் போட்ட இடத்திலை சம்பந்தம் வைக்க எனக்கு மனம் வரேல்லை" என்று வைத்துவிட்டா. எந்தக் கதைக்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அந்தக் கதை ஒருவருக்கும் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. எனக்கு நல்லாய் வேணும்.

இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியது, சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்துதான். இனிச் சொல்கிறேன். போன செப்டெம்பர் உங்கள் கொம்பனி குடும்பத்தவரைக் கூட்டிப்போய் வேலையிடம் காட்டுகிற நாளுக்கு வர அப்பா எல்லா ஆயத்தமும் செய்துவிட்டார். டிக்கெட் எடுத்தார், புதுச் சப்பாத்து வாங்கினார். "அவளின்ரை ட்ரக்கிலை ஏணியாலையெல்லோ ஏறவேணும்" என்று ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் கட்டடத்தின் மூன்று மாடியையும் ஏறி இறங்கிப் பழகினார். கீழ்வீட்டு ஹெயிட்டி நாட்டுக்காரர் சிரிக்க, என் மகளிடம் போகிறேன் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்த மனிதருக்கும் சொல்லிவைத்தார். இந்திராதேவி வீட்டுப் பேச்சு அந்தக் கிழமைதான் வந்தது. நான்தான் மறித்தேன். நீங்கள் போனால் எங்கே போனவர் என்று கேட்பார்கள், நீங்கள் வாய் காக்கமாட்டியள் என்றேன். "கேட்டால் சொல்லுவம். பிள்ளை களவெடுத்தவளே?" என்று கேட்டார். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். நாலாம் நாள், நீங்கள் பிளேன் ஏறினால் திரும்பி வரேக்கை நான் இந்த வீட்டில் இருக்கமாட்டன் என்றேன். அவர் என்னோடு ஒருநாளும் வென்றதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். டொக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லச் சொன்னது நான்தான். டெலிபோனை எடுத்துக் கையில் கொடுத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அதன் பிறகு கீழே போனார். கனநேரம் காணவில்லை என்று நான் இறங்கிப் பார்த்தேன். காரைக் கிளப்பாமல் உள்ளே இருந்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. நான் கிட்டப் போகவில்லை, திரும்பிப் படி ஏறி வந்துவிட்டேன். மேலே வந்தவர் என்னைப் பார்த்து, "அவள் நம்பியிட்டாள், பாவம், என்ரை சுகத்தைத்தான் விசாரிக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மார்ச்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்வரைக்கும் நீ நம்பினாய் என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். நீ, அப்பா வெட்கப்பட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். வெட்கப்பட்டது நான் ஒருத்திதான் பிள்ளை. அவருக்கு உன்னில் இருந்த பெருமையை அடக்கி வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவருடைய ஆசையையும் தின்று, உன்னையும் அவரையும் பிரித்து வைத்த பாவி நான். ஐயோ, அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி எந்த வழியும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பன்னிரண்டு மணித்தியால வேலை, வெறும் வயிற்றோடு ஏறாதே, இரவு வேலை முடிந்தால் அறைக்கு வந்து படு, நித்திரைக் கலக்கத்தோடு அந்தப் பெரிய ரோட்டில் கார் ஓடாதே. வருகிற மாசி மாதத்தில் அப்பாவுக்கு வருடம் திரும்புகிற ஆட்டைத் திவசம் வரும், லக்ஷன் உனக்குத் திகதி சொல்லுவான். நீ வந்தால் அண்ணன் வீட்டில் நில், நான் குறுக்கே வரமாட்டேன். நீ ஓடுகிற ட்ரக்கும் நீயும் நூறு வருடம் நல்லாயிருக்கவேண்டும், ஒரு கல்லும் உன் காலில் தட்டக் கூடாது, உன் அப்பா கும்பிட்ட பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும்.

இதை எழுதாமல் விட்டிருந்தால், என்றைக்காவது ஒருநாள் கோபம் ஆறி நீ எனக்கு டெலிபோன் எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இதை வாசித்த பிறகு எடுக்கமாட்டாய் என்றும் தெரியும். இரண்டையும் யோசித்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். அப்பாவோடு கோபிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. ஞானாம்பிகை