பிரீசருக்கு விட்ட லீவு

கோவில்பதாகை
15.10.97

அன்பு மகன் சம்பத்துக்கு நைனா எழுதுவது. இங்கே பூண்டைத் தவிர எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கெட்ட சேதியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க மழையைப் பற்றியே எழுதி ஒட்டிவிடுவேன். கேன்டீன் கான்ட்ராக்டர் நம் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாதாமாதம் எடுப்பதாகச் சொன்ன ஆர்டரும் போய்விட்டது.

நீ வேலை பார்க்கும் ஓட்டலுக்கு உரித்த பூண்டு உறைந்த பையில் வருகிறது என்று நீ எழுதினாலும் எழுதினாய், நானும் உன் துலுக்கானம் மாமாவும் பூண்டை உரித்து உறைய வைத்து விற்கும் தொழிலதிபர் ஆகிவிட்டோம். அப்புறம்தான் இந்தத் தொழிலின் லட்சணம் தெரிந்தது. மலையில் மழை என்றால் கோயம்பேட்டுக்கு வரத்து இல்லை. லாரி ஸ்டிரைக் என்றால் வடக்குப் பூண்டும் இல்லை. அப்போது விலை ஏறுகிறது, நம்மால் வாங்க முடிவதில்லை. விலை இறங்கினால் ஓட்டல்காரர்கள், “பச்சைப் பூண்டே மலிவா கீது, உன் ஐஸ் பூண்டு எனக்கு இன்னாத்துக்குய்யா?” என்கிறார்கள். ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி. அதனால்தான் அந்த ஒரு கான்ட்ராக்டரையே சாமி மாதிரி நம்பியிருந்தோம்.

ஆனால் இந்த முறை மழையும் கெடுக்கவில்லை, லாரியும் கெடுக்கவில்லை. உன் நைனாதான் கெடுத்தேன். ஆயுத பூஜை அன்று பிரீசரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பயபக்தியோடு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன் அல்லவா? பூஜை போட்ட மிஷின் ஓடக்கூடாது, அவ்வளவுதான் என் புத்தி. கரண்ட் போகும்போதெல்லாம் பிரீசருக்குக் கம்பளி போர்த்தி, யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்று காவல் காத்தவனும் நான்தான்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டோம். திங்கட்கிழமை பார்த்தால் எல்லாம் இறுகி இருந்தது. மாமா ஒரு பையைத் தரையில் தட்டி, “கல்லு மாதிரி கீது மாமே, தைரியமா அனுப்பு” என்றான். எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க உருகி மறுபடி இறுகிய சரக்கல்லவா, கேன்டீனில் பனி விட்டதும் கொழகொழவென்று ஆகி, வாடையும் வந்துவிட்டதாம். கிச்சன் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, “பூண்டு கேட்டா கஞ்சி குடுத்துகினு நிக்கிறியே பெரியவரே, ஊறுகாயும் கொண்டாந்துகிறியா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? இன்னொரு தடவை சரக்கு தருகிறோம் என்று கெஞ்சினேன். வேறு ஆளுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

உன் அம்மா இரண்டு நாளாக என்னை ‘முதலாளி’ என்றுதான் கூப்பிடுகிறாள். “முதலாளி, சோறு போடட்டா, இல்ல அதுக்கும் லீவா?” என்கிறாள். உன் பெண்டாட்டி ராணியோ, எரிகிற விரல்களில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, மிச்ச மூட்டையை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆர்டர் நிலைத்தால் இந்த மாதத்தோடு மஸ்கட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்துவிடு என்று போன கடிதத்தில் எழுதியவன் நான். இப்போது அதே கையால் எழுதுகிறேன், வராதே. அங்கேயே மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. இங்கே உன்னை நம்பி உட்கார வைக்க ஒரு வியாபாரமும் இல்லை.

ஆனால் அவர்கள் இரண்டு வருஷம் என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் போட முடியுமா என்று வாய் விட்டுக் கேளப்பா. முடியாது என்று சொன்னாலும் சொல்லட்டும். கேட்டேன் என்று மட்டும் ராணிக்கு உன் கைப்பட எழுது.

வேளைக்குச் சாப்பிடு. கருமாரி உனக்குத் துணை இருப்பாள்.

உன் நைனா,
மு. கன்னியப்பன்